மாப்பிள்ளை காலும் மருந்து பூசிய பாலமும்

கோணமடைக்காரர்களின் மூளை இன்றைக்கும் புத்தம் புதிதாகவே இருக்கும். புழங்கினால்தானே தேயும்? வாய்க்காலின் குறுக்கே மூன்று பலகைகளைப் போட்டு, அதற்குப் பாலம் என்று பெயர் வைத்து, அந்தப் பாலத்துக்கு ஒரு கமிட்டியும் வைத்திருந்தார்கள். கமிட்டித் தலைவர் ஒச்சப்பன்.

போன வருடம் அவர் மகள் செல்லமாயியைப் பெண் பார்க்க வந்தவர் அந்தப் பாலத்தில் கால் வைத்தார். பூஞ்சை பிடித்து இற்றுப்போயிருந்த பலகை மடக்கென்று முறிந்தது. வாய்க்காலுக்குள் விழுந்து எழுந்தவர், ஈர வேட்டியோடு தன் ஊரைப் பார்த்து நடந்துவிட்டார். அன்றிலிருந்து ஒச்சப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது வேறொரு வரன் அமைந்து, முகூர்த்தமும் குறித்தாகிவிட்டது. பாலம் வழியாக வராத மாப்பிள்ளைக்கு மாலை போடுவதில்லை என்பது கோணமடை வழக்கம். இந்தத் தடவையும் பலகை காலை வாரினால் செல்லமாயிக்குக் கல்யாணம் கனவுதான்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு புதுப் பலகை போட்டார்கள். மர ஆராய்ச்சி ஆபீசிலிருந்து ஒரு அம்மா வாளி நிறைய மருந்தோடு வந்தார்.

"இதுல கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி உருண்டைங்க இருக்கு. மருந்து அதுக்குள்ள பத்திரமா இருக்கும். பூஞ்சை வந்து மேல்தோலை அரிச்சாத்தான் உடைஞ்சு வெளிய வரும். மூணு நாளைக்குத் தண்ணி மட்டும் படாமப் பாத்துக்கங்க" என்றார்.

பூசி முடித்ததும் கமிட்டி கூடியது.

"அண்ணே, மிதிச்சா உருண்டை உடையாதா?" என்று கேட்டான் மூக்கையா. கமிட்டியில் யோசிக்கிற வேலை அவனுடையது.

"உருண்டை இல்லாத இடமாப் பாத்து மிதிக்கணும்" என்றார் ஒச்சப்பன்.

"கண்ணுக்குத்தான் தெரியாதாமே!"

எல்லோரும் குப்புறப் படுத்துப் பலகையைப் பார்த்தார்கள். அம்மா சொன்னது சத்தியம், ஒன்றுகூடத் தெரியவில்லை. ஆகவே, மாப்பிள்ளை ஒருவர் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம், மற்றவர்கள் தண்ணீரில் இறங்கி வரட்டும் என்று தீர்மானம் போட்டார்கள்.

கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை பால்ச்சாமி, தகப்பனார் மாயாண்டியோடும் உறவுக்காரர்கள் இருபது பேரோடும் அக்கரைக்கு வந்து சேர்ந்தார். கமிட்டி எதிர்கொண்டு அழைக்கப் போனது. மாப்பிள்ளை செருப்பைக் கழற்றினார். மூக்கையா அலறினான்.

"அண்ணே! மாப்பிள்ளை கால்ல சேத்துப்புண்ணு!"

"அதுக்கென்னடா?"

"அதுவும் பூஞ்சைதான்னு டாக்டரு எனக்கே சொல்லியிருக்காரு. இவரு கால் வச்சா அம்புட்டு உருண்டையும் உடைஞ்சு, மருந்தெல்லாம் இவரு கால்லயே போயிரும். அப்புறம் பலகைக்கு ஏது?"

ஒச்சப்பன் இரண்டு கையையும் விரித்துப் பாலத்தை மறித்துக்கொண்டார். மாயாண்டி மட்டும் முகம் மலர்ந்தார். சம்பந்தியும் லேசுப்பட்டவர் இல்லை.

"அப்ப எம் மகன் கால் குணமாயிருமா, சம்பந்தி?"

"ஆயிரும் சம்பந்தி. பாலம் இத்துரும். பேரப்பிள்ளைய எப்படித் தூக்கிட்டு வருவீக?"

பேரப்பிள்ளை என்றதும் மாயாண்டியும் கவலைப்பட்டார். பாலத்தில் ஏறினால் மருந்து போச்சு, ஏறாவிட்டால் மாலை போச்சு. ஒச்சப்பன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதே விட்டார். இதற்குள் மேலே மதகைத் திறந்துவிட்டார்கள் போலிருக்கிறது, வாய்க்கால் தண்ணீர் பலகைக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது.

"அழுவாதீகண்ணே" என்றான் மூக்கையா. "மாப்பிள்ளை பாலத்தோட வந்தாச் சரிதானே? பாலத்துக்கு மேல வரணும்னு வழக்கத்துல இருக்கா?"

இல்லை. யாருமே அப்படிக் கேள்விப்பட்டதில்லை.

மாப்பிள்ளை வீட்டார் பட்டு வேட்டியோடு கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கினார்கள். மூன்று பலகைகளையும் பெயர்த்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, "மெதுவா, மெதுவா, நனைஞ்சிரப் போகுது" என்று ஒருவரையொருவர் எச்சரித்தபடி நடந்தார்கள். பலகைக்கு அடியில் மாப்பிள்ளை வந்தார். இக்கரை ஏறியதும் ஒச்சப்பன் முதலில் பலகையைத்தான் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆனந்தக் கண்ணீர் விடப் போனவர், பலகையில் சொட்டிவிடும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சொட்டச் சொட்ட நின்ற மாப்பிள்ளைக்குச் செல்லமாயி மாலை போட்டாள்.

பலகைகளை மந்தைச் சாவடிக்குள் வைத்துப் பூட்டினார்கள். ஊரே வாய்க்காலில் இறங்கிப் போய்வந்தது.

ஒரு வருடம் கழித்து அந்த அம்மா வந்தார். அக்கரையில் நின்று பாலத்தைத் தேடினார். கமிட்டி முழுவதும் நீந்திப்போய் வரவேற்றது.

"மருந்து எப்படி வேலை செய்யுது?"

ஒச்சப்பன் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் கால் விரலிடுக்கைச் சொறிந்துகொண்டே சொன்னார். அவருக்குப் பின்னால் கமிட்டி மொத்தமும் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

"சும்மா சொல்லக் கூடாதும்மா. பலகைக்குப் பயந்து ஊர்ல இருக்கிற பூஞ்சையெல்லாம் எங்க கால்ல வந்து ஒளிஞ்சுக்கிருச்சு!"