அந்தியும் வாயும்

மலைகளுக்கு நடுவே ஓர் ஏரி. அதன் கரையில் சிறிய பௌத்தக் கோயில். கோயிலைப் பார்த்துக்கொண்ட பிக்குணி ஹோஷுனுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. அவரிடம் எழுத்துக் கற்க வந்த படகுக்காரர் கென்ஸோவுக்குத் தலை முழுதும் நரைத்திருந்தது.

“இந்த வயதில் எதற்கு எழுத்து?” என்று கேட்டார் ஹோஷுன்.

கென்ஸோ கோயிலுக்குப் பின்னால் இருந்த புது மண்மேட்டைப் பார்த்தார்.

பனி உருகிய சமயத்தில் ஏரியில் ஒரு பிணம் ஒதுங்கியிருந்தது. யாரென்று எவருக்கும் தெரியவில்லை. முகம் அடையாளம் காணும்படி இல்லை. கோயிலில்தான் அடக்கம் செய்தார்கள்.

“அதற்குப் பிறகு, அந்தி சாய்ந்தால் அக்கரையிலிருந்து ‘படகு!’ என்று ஒரு குரல் வருகிறது அம்மா. போகிறேன். துறையில் யாரும் இல்லை. திரும்புகிறேன். ஆனால் படகு கனக்கிறது.”

“கனக்கிறதா?”

“ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி. நாளுக்கு நாள் கனம் கூடுகிறது. நேற்றுத் தண்ணீர் விளிம்பைத் தொட்டுவிட்டது. இங்கே வந்து நான் இறங்குவேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் படகு மேலே எழும்பும். எனக்குப் பின்னால் யாரோ இறங்கின மாதிரி.”

“போகாமல் இருந்தால்?”

“இருந்து பார்த்தேன். குரல் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. என் அக்கா தோமிக்கும் கேட்டது.”

ஹோஷுன் மண்மேட்டின் பக்கம் திரும்பினார்.

“அவருடைய நினைவுப் பலகை வெறுமையாகக் கிடக்கிறதாம். ஒரு பேர் எழுதி வைத்தால் போய்விடுவார் என்கிறார்கள். நீங்கள் எழுதவில்லை. நானாவது எழுதலாம் என்று வந்தேன்.”

ஹோஷுன் உள்ளே போய்ப் பலகையை எடுத்து வந்தார். தூரிகையை மையில் தோய்த்து ஒரு பேரை நிதானமாக எழுதினார். எழுதி முடிப்பதற்குள் முதல் எழுத்தைக் காணோம். பிறகு மற்றவையும் போயின. மரம் மையைக் குடித்துவிட்டது. வெறும் பலகை.

“எத்தனையோ பேர் வைத்துப் பார்த்துவிட்டேன்,” என்றார் ஹோஷுன். “அவர் எதையும் ஏற்கவில்லை.”

ஹோஷுன் ஒரு தாளை விரித்துக் கென்ஸோவின் முன்னால் வைத்து, ஓர் எழுத்தை எழுதினார்.

名

“மேலே இருப்பது அந்தி. கீழே இருப்பது வாய். இரண்டும் சேர்ந்தால் பேர்.”

“அந்திக்கும் பேருக்கும் என்ன சம்பந்தம்?”

“பகலில் முகம் தெரிகிறது. இருட்டுகிற நேரத்தில் எதிரே வருவது யாரென்று தெரியாது. வாய் திறந்து சொல்ல வேண்டும். அப்படி வந்த எழுத்து என்பார்கள்.”

கென்ஸோ எழுதிப் பார்த்தார். தாளில் வாய் கோணிக்கொண்டது. மறுபடி எழுதினார்.

“இதை எப்படி வாசிப்பது?”

“தனியாக நின்றால் ‘நா’. வேறு எழுத்தோடு சேர்ந்தால் ‘மெய்’. யூமெய் என்றால் பேர் பெற்றவர். முமெய் என்றால் பேரில்லாதவர்.”

“அவ்வளவுதானா?”

“இன்னொன்று உண்டு. ‘மியோ’. இறந்தவருக்குக் கோயிலில் வைக்கும் பேருக்குக் கைமியோ என்று சொல்கிறோமே, அதில் வரும்.”

“உயிரோடு இருப்பவனுக்கும் செத்தவனுக்கும் ஒரே எழுத்தா?”

“ஒரே எழுத்துதான்.”

கென்ஸோ தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நானும் அந்தியில்தான் கேட்கிறேன் அம்மா. யாரது, யாரது என்று. ‘படகு’ என்று கூப்பிடுவதோடு சரி, அதற்குமேல் அவர் வாயே திறப்பதில்லை.”

“உங்கள் பேரை அவரிடம் சொன்னீர்களா?”

கென்ஸோ தலையசைத்தார். இல்லை.

அன்று மாலையும் குரல் வந்தது. தோமி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போகாதே கென்ஸோ. படகு இன்றைக்குத் தாங்காது.”

“அது இங்கே வந்து நிற்பதைவிட நான் போவது மேல், அக்கா.”

அக்கரைத் துறையில் யாரும் இல்லை. படகைத் திருப்பினார். அது கனத்தது. ஏரியின் நடுவே வந்தபோது விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே இறங்கத் தொடங்கியது. காற்று இல்லை, அலை இல்லை. கணுக்கால்வரை குளிர் ஏறியது. படகின் முன்பக்கத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“என் பேர் கென்ஸோ,” என்றார். “இந்த ஏரியில் படகு ஓட்டுகிறேன். நீங்கள் யார்?”

துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. பிறகு முன்பக்கத்தில் ஏதோ அசைந்தது. வெகுகாலம் பேர் சொல்லாத வாய் ஒன்று ஓசையைத் தேடியது.

“கென்... ஸோ.”

“அது என் பேர். உங்கள் பேர் என்ன?”

“கென்ஸோ.”

இந்த முறை தெளிவாக வந்தது. குரலில் மகிழ்ச்சிகூட இருந்தது.

படகு மெல்ல மேலே எழுந்தது. கென்ஸோ தனியாகக் கரை சேர்ந்தார்.

விடிந்ததும் கோயிலுக்கு ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“கனம் போய்விட்டது அம்மா. ஆனால் விடியற்காலையில் அக்கா என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று நான் கயிறு முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் தோளைத் தொட்டு உலுக்கினாள். அந்தப் பேர் என்மேல் ஒட்டவில்லை. அவர் கொண்டுபோய்விட்டார். எப்படித் திரும்ப வாங்குவது?”

ஹோஷுன் நினைவுப் பலகையை எடுத்தார். தூரிகையைத் தோய்த்து எழுதினார். கென்ஸோவுக்கு அந்த எழுத்துகள் தெரியாது. என்ன எழுதுகிறார் என்பது மட்டும் தெரிந்தது.

மை ஈரமாக மின்னியது. மரம் அதைக் குடிக்கவில்லை. மெல்ல மெல்லக் காய்ந்து, கறுப்பாக நின்றது.

“நான் உயிரோடு இருக்கிறேன் அம்மா!”

“இருக்கிறீர்கள்.”

“செத்தவர் பலகையில் என் பேர் இருக்கிறதே!”

ஹோஷுன் தூரிகையைக் கழுவினார். கழுவிய தண்ணீரை வாசலில் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

வெளியே துறையில் கூடையோடு நின்ற ஒரு பெண் குரல் கொடுத்தாள்.

“படகுக்காரரே! சந்தைக்கு நேரமாகிறது!”

கென்ஸோ சட்டென்று திரும்பினார். பாதி எழுந்தும்விட்டார்.

“பார்த்தீர்களா,” என்றார் ஹோஷுன். “உங்களைக் கூப்பிட ஊரில் எத்தனையோ வழி இருக்கிறது. அவருக்கு இது ஒன்றுதான்.”