எல்லா அளவுலயும் முதலாளி படம்

கதை விடுறேனா? போடி கோமளா, முழுசா கேட்டுட்டுப் பேசு! ஜவுளிக்கடை வடமலை தன் படத்தைப் போட்டுத்தான் விளம்பரம் பண்ணுவாரு. தங்கச்சி கல்யாணத்துல மாப்பிள்ளையை மறைச்சு நின்னு போட்டோ எடுத்துக்கிட்ட ஆளு, அது தனிக் கதை. கடைக்கு விளம்பரம் பண்ற தமயந்திகிட்ட, "இதே படம் பஸ்ஸுல ஒட்ட அகலமா, விளக்குக் கம்பத்துல மாட்ட உசரமா வேணும். என்னை வெட்டவும் கூடாது, ஏஐ வெச்சு இல்லாததைச் சேர்க்கவும் கூடாது. முடியலைன்னா நாளையிலேருந்து வராதே"ன்னாரு.

அவ படத்தை அப்படியே இழுத்துக் காட்டினா. பஸ் படத்துல முதலாளி பூசணிக்கா, கம்பத்துப் படத்துல முருங்கைக்கா!

"யாரும்மா இது?"

"நீங்கதாங்க முதலாளி. வெட்டவும் இல்லை, சேர்க்கவும் இல்லை."

கடையே சிரிச்சுது, அவருக்கும் அடக்க முடியலை. "சரி தாயி, உன் ஏஐகிட்டயே சொல்லு. பக்கத்துல நாலு சேலை, தலைக்கு மேல கொஞ்சம் ஆகாசம் சேர்க்கட்டும்!"

இப்ப ஊர்ல பாதி விளம்பரம் அவ கையாலதான். ஏய் கோமளா, தூறுதுடி, கொடியில கிடக்கிற துணியை உள்ள கொண்டா!