ஓர் இரவு தங்கியது

கருங்கோட்டை பெரிய ராஜ்யம் இல்லை. ராஜா தும்மினால் எல்லையில் மேயும் ஆடு தலையைத் தூக்கிப் பார்க்கும், அவ்வளவுதான். ஆனாலும் அந்த ராஜ வம்சத்துக்கு ஒரு வீம்பு உண்டு. கல்லில் வெட்டிய சொல்லை அழிக்கவே மாட்டார்கள். முன்னோர் ஒருவர் கோபத்தில், 'செவ்வாய்க்கிழமை மழை பெய்யக் கூடாது' என்று வெட்டி வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். இன்றைக்கும் செவ்வாய்க்கிழமை மழை கொட்டினால் அந்த ஊரார் நனைந்துகொண்டே வெயிலைப் பற்றிப் பேசுவார்கள்.

இந்த வம்சத்தில் வந்தவர் பூவணராயர். ஒரு கல்யாணத்தில் மூன்று பந்தியிலும் உட்கார்ந்து எழுந்தவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார். அரண்மனை வைத்தியர் சங்கரபதி நாடி பார்த்தார். மூன்று பந்தியைப் பற்றி ராஜாவிடம் யார் வாய் திறப்பது? அவர் பழியைத் தூக்கி முந்தின நாள் தயிர்மேல் போட்டார். ராத்திரி தங்கியது எதுவானாலும் பிணத்துக்குச் சமம் என்றார்.

மறுநாளே கோட்டை வாசலுக்கு உள்பக்கம் கல் நின்றது: 'ஓர் இரவு தங்கியது எதுவும் மறுநாள் கோட்டைக்குள் இருக்கலாகாது. வெளியே எறிக. தடுப்பவர் தலை போகும்.'

போயிற்று எல்லாம். பழையது, தயிர், மோர், புளித்த மாவு, ஊறுகாய் ஜாடி. தினமும் காலையில் மதிலுக்கு மேலே இருந்து இறங்கும். வெளியே வாய்க்கால் கரையில் ஆடு மேய்க்கிறவர்கள் ஏந்திக்கொண்டு, ராஜா நீடூழி வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்தினார்கள்.

வாழ்த்து பலிக்கவில்லை. சுடச்சுட நெய்ச்சோறும் பால்கோவாவுமே தின்ற ராஜாவின் வயிறு மத்தளமாக உப்பிற்று. ஜன்னலைத் திறந்தால் ஜலதோஷம், மூடினால் இருமல். மனசு அதைவிட மோசம். வாடின வெண்டைக்காயைப் பார்த்து விக்கி விக்கி அழுதார். அளவுக்கு மீறிச் சந்தோஷமாக இருக்கிறது என்று மயில்மேல் ராஜத்துரோக வழக்குப் போட்டார். பௌர்ணமி நிலா முறைக்கிறது, படையெடுத்துப் போ என்றார். சேனாதிபதி பாவம், ஏணி தேடி அலைந்தார்.

இந்தச் சமயத்தில்தான் சமையற்கட்டு மாடத்தி அகப்பட்டுக்கொண்டாள். பரணில் ஒரு சிரட்டை நிறைய உறைமோர் ஒளித்து வைத்திருந்தாள்.

"நேத்து மோரு ஒரு கரண்டி இல்லாம இன்னிக்குப் பாலு உறையாது மகாராசா. நான் என்னத்தச் செய்ய?" என்றாள்.

கல்தான் பதில் சொல்லிவிட்டதே. மறுநாள் உச்சிப்பொழுதில் தலையை எடுக்க உத்தரவாயிற்று.

சபையில் விகடம் பேசிச் சம்பளம் வாங்குகிற நல்லபெருமாள் மறுநாள் விடிந்ததும் ராஜாவிடம் போனான். ஒருத்திக்கு மட்டும் சட்டம் என்றால் கல்லுக்கு என்ன மரியாதை என்று கேட்டான். இன்று ஒரு நாள் அதிகாரத்தைத் தந்தால் கோட்டை முழுவதும் கல் சொன்னபடியே நடத்திக் காட்டுவதாகவும், மாடத்தியின் தலையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னான். ராஜா தும்மிக்கொண்டே முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

முதலில் வைத்தியரின் லேகியங்கள் பறந்தன. அவை ஓர் இரவா தங்கின? பின்னாலேயே வைத்தியர் போனார். அவரும் ராத்திரி அரண்மனையில்தானே குறட்டை விட்டார். அப்புறம் மந்திரிகள், கட்டில்கள், யானை, வழக்கு முடியாத மயில். சிரட்டையும் கையுமாக மாடத்தி. அவளையே வெளியே எறிந்தாகிவிட்ட பிறகு எந்தத் தலையை எடுப்பது?

கடைசியில் வீரர்கள் சிம்மாசனத்தின் நான்கு காலையும் பிடித்தார்கள்.

"டேய், நான் ராஜா!"

சேனாதிபதி கை கட்டி நின்றார். "ராத்திரி எங்கே படுத்தீர்கள், மகாராஜா?"

"என் படுக்கையறையில்."

"அப்படியானால் தடுக்காதீர்கள். தடுப்பவர் தலை போகும் என்று இருக்கிறது."

வாய்க்கால் கரையில் போய் உட்கார்ந்த ராஜா கண்ட முதல் காட்சி, வைத்தியர் சங்கரபதி சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, ஆடு மேய்க்கிறவர்கள் கொடுத்த இரண்டாவது கும்பா பழையதைக் குடிப்பது. வைத்தியர் வெட்கப்படக்கூட நேரமில்லாமல் குடித்தார்.

வேறு சாப்பாடு இல்லை. ராஜாவும் குடித்தார். முதல் நாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, அடுத்த நாள் கேட்டு வாங்கி, அப்புறம் மாடத்தி கையில் இருந்து பிடுங்கி. அவள் அந்தச் சிரட்டை மோரைக் கொண்டு ஆட்டுப்பாலை உறைய வைத்துவிட்டாள். நாள் போகப் போக மத்தளம் வயிறாயிற்று. வாடைக்காற்றில் படுத்தும் தும்மல் இல்லை. ஒரு மாலை மயில் தோகை விரித்தபோது ராஜா கை தட்டிவிட்டார்.

"இதென்னடா மாயம், நல்லபெருமாள்?"

"வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஊர் இருக்கிறது, மகாராஜா. பழையதும் மோரும் அங்கே குடிபோகிறவர்கள். நீங்கள் வாசலை அடைத்தீர்கள். ஊரில் காவலுக்கு ஆள் இல்லை, ஜலதோஷம் நேரே உள்ளே வந்தது. சிரிக்கவும் ஆள் இல்லை, நிலாமேல் சண்டை வந்தது."

ராஜா வெகுநேரம் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு முகம் சுருங்கிற்று. தெளிந்து என்ன பிரயோசனம்? கல் நிற்கிறதே. உள்ளே போய் ஒரு ராத்திரி படுத்தால் மறுபடி வெளியே. மாடத்தி உள்ளே கால் வைத்தால் தலை போகும். வம்சத்தில் யாரும் கல்லை அழித்ததில்லை.

"அந்தக் கல்லில் ஓர் எழுத்தைக்கூட நான் தொட முடியாது. என்ன செய்ய?"

"தொட வேண்டாம், மகாராஜா. அதன் சொல்படி நடந்தால் போதும்."

"அதன்படி நடந்துதானே இங்கே உட்கார்ந்திருக்கிறேன்."

"நீங்கள் நடந்தீர்கள்," என்றான் நல்லபெருமாள். "கல் நடக்கவில்லையே. அது நேற்று ராத்திரியும் கோட்டைக்குள்தான் தங்கியது."

ராஜா சிரித்த சிரிப்பில் எல்லையில் இருந்த ஆடெல்லாம் தலையைத் தூக்கின. அன்றே கல்லை வெளியே எறிந்தார்கள்; ஓர் எழுத்தும் அழியாமல் சட்டமும் அதோடு போயிற்று. நல்லபெருமாளுக்குப் பொன் கிடைத்தது. மாடத்தி என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, அந்தக் கல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஊறுகாய் ஜாடியின் மூடிமேல் வைக்க, கனமாக ஒன்று வேண்டியிருந்ததாம்.