பதில் வருவதற்குள்

"டீச்சர், இது என்னைய ஏமாத்துது" என்றார் இருதயராஜ். "நான் பாத்தா வேலை செய்யுது. பாக்காட்டி படுத்துக்கிடுது."

டீச்சர் அமலி தலையை நிமிர்த்தவில்லை. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய மாடிப் பட்டறையில் இயங்குதள வேலை கற்றுக்கொடுப்பவர் அவர். வயதில் சீடர் இருதயராஜைவிட இளையவர். சீடர் குருவை டீச்சர் என்பார், குரு சீடரை அண்ணே என்பார். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் கிடையாது.

"எதுண்ணே?"

"இந்தப் பாழாப்போன பெட்டிதான்."

படகில் வைக்கும் புது மாதிரி ஆபத்துப் பெட்டி அது. பொத்தானை அழுத்தினால் கரைக்குச் செய்தி போகும். படகு எங்கே நிற்கிறது என்பதை உள்ளே இருக்கும் ஜிபிஎஸ் சிப் சொல்லும். பெட்டியை இயக்கியதும் இயங்குதளத்தின் கருவான கெர்னல், ஒவ்வொரு உறுப்பாகக் கூப்பிட்டு "இருக்கியா?" என்று கேட்கும். இந்த ஜிபிஎஸ் மட்டும் வாயே திறக்காது. அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று கெர்னலும் முடிவுகட்டிவிட்டு மேலே போய்விடும்.

இடம் சொல்லாத செய்தியை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய கடலில் எங்கே தேடுவது?

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து நாளை படகுகள் கடலுக்கு இறங்குகின்றன. முதல் பெட்டி ஏறப்போவது இருதயராஜின் தம்பி சூசையின் படகில். மனிதர் காலையிலிருந்து பெட்டியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"சிப்பை மாத்திட்டேன், ஒயரை மாத்திட்டேன், கெர்னலைக் குடைஞ்சு எடுத்துட்டேன். எங்க தடுக்குதுன்னு பாக்க, கெர்னல் அதைக் கூப்பிடுததுக்கு முன்னால திரையில ஒரு வரி எழுதிக் காட்டச் சொன்னேன். உடனே 'இருக்கேன்'ங்குது! அந்த வரியை எடுத்தா பழையபடி வாயத் தெறக்க மாட்டேங்கு."

"சரி?"

"வரியை அப்படியே விட்டுரவா?"

"ஏன் வேலை செய்யுதுன்னு தெரியாமலா தம்பியைக் கடலுக்கு அனுப்புதீங்க?"

இருதயராஜுக்குச் சுருக்கென்றது.

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அண்ணே, சாப்டீங்களா?"

"நான்..."

"மதினிக்குக் காய்ச்சல் விட்டுட்டா?"

"அவ..."

"சூசை புது வலை எடுத்துட்டானா?"

"அவன்..."

"பேச்சையே காணோம். அண்ணன் இன்னைக்கு லீவு போல."

எழுந்துபோய்ப் பலகையில் பெரிதாக எழுதினார்: இருதயராஜ் வரவில்லை.

நல்ல மனிதர்தான், கோபம் வந்தால் மட்டும் மாடி அதிரும். "கேள்வி கேட்டா பதில் சொல்ல விடணும் டீச்சர்! நான் வாயத் தெறக்குததுக்குள்ள..."

பாதியில் நின்றுவிட்டார். திறந்த வாய் திறந்தபடி இருந்தது.

அப்புறம் மேசைக்கு ஓடினார்.

எந்த உறுப்பு எங்கே இருக்கிறது, மின்சாரம் கொடுத்தபின் எவ்வளவு பொறுத்து அதைக் கூப்பிட வேண்டும் என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு ஒன்று உண்டு. பழைய பெட்டிக்கு எழுதியதை இதற்கும் அப்படியே எடுத்து ஒட்டியவர் சாட்சாத் இருதயராஜேதான். பழைய சிப் மின்சாரம் பட்டதும் துள்ளி எழும் ரகம். அதற்குப் பொறுக்கும் நேரம் பூஜ்யம். புதியதோ சோம்பல் முறித்துத்தான் எழும். திரையில் எழுதிய அந்த ஒரு வரி கெர்னலைக் கொஞ்சம் தாமதப்படுத்தியிருக்கிறது, அவ்வளவுதான்.

பூஜ்யத்தை அழித்தார். சிப்பைச் செய்தவர்கள் சொன்ன நேரத்தைப் போட்டார். வேவு பார்த்த வரியைத் தூக்கி எறிந்தார். பெட்டியை இயக்கினார்.

இருக்கேன்.

நிறுத்தி இயக்கினார். இருக்கேன். மறுபடியும். இருக்கேன்!

வரைபடத்தில் தூத்துக்குடிக் கரையோரம் ஒரு பச்சைப் புள்ளி வந்து உட்கார்ந்தது. இருதயராஜ் போட்ட கூச்சலில், கீழே படகுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

போனை எடுத்தார். "லேய் சூசை! பெட்டியோட வாரேன். தைரியமாப் போ. நீ எங்க நின்னாலும் கண்டுபிடிச்சிருவோம்!"

டீச்சர் பலகையில் எழுதியதை அழித்தார்.

"அண்ணே, சாப்டீங்களா?"

கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இருதயராஜ் கண்ணைத் துடைத்தார். மூச்சு வாங்கினார். முகமெல்லாம் சிரிப்பு. டீச்சர் நின்றுகொண்டே இருந்தார்.

"இன்னும் இல்ல டீச்சர்."