முத்திரைக்குக் காத்திருந்த வெள்ளம்

முன்னொரு காலத்திலே, கடலுக்கும் மலைக்கும் நடுவே இருந்த ஒரு சீமையைக் கோதைவளவன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். ஆண்டான் என்று ஊர் சொன்னது, நானும் சொல்லிவைக்கிறேன். பக்கத்தில் இருக்கிறவன் காதில் எதைப் போட்டானோ, அதுதான் அன்றைக்குச் சட்டம்.

அந்தச் சீமையின் கடற்கரைப் பக்கம் ஆழியூர் நாடு. அங்கே ஆறு கடலில் கலக்கிற இடத்தில், கோடை முழுக்க அலை மணலைக் கொண்டுவந்து குவித்து, முகத்துவாரத்தை அடைத்துவிடும். மழை தொடங்கியதும் அந்த மணல்மேட்டை வெட்டி வழிவிட வேண்டும். வெட்டாவிட்டால் ஆற்றுத் தண்ணீர் போக இடமில்லாமல் திரும்பி, குடிசைக்குள் வந்து நிற்கும். ஊரைத் திரட்டி வெட்டவைப்பது நாட்டதிகாரியின் வேலை. காலங்காலமாக அப்படித்தான் நடந்துவந்தது.

அதைக் கெடுத்தவர் வெண்காடர். அரசமுத்திரை அவர் கையில் இருந்தது. "மன்னா, எந்த நீர்வழியைத் திறந்தாலும் முத்திரை போட்ட ஓலை வேண்டும். இல்லையென்றால் ஆளாளுக்கு ராஜா ஆகிவிடுவார்கள்" என்று ஓதினார். ராஜாவும் தலையை ஆட்டிவிட்டான்.

போன மழைக்கு நாட்டதிகாரி திருமேனி ஓலை கேட்டு ஆள்மேல் ஆள் அனுப்பினார். பதிலே இல்லை. தண்ணீர் பிள்ளைகள் தூங்குகிற தொட்டிலைத் தொட வந்தபோது, மனுஷன் தானே மண்வெட்டியைத் தூக்கினார். ஊரும் கூட இறங்கியது, எல்லா உயிரும் பிழைத்தது. அதற்கு அவருக்கு என்ன கிடைத்தது தெரியுமா? சிறை. கேட்கிற நமக்கே வயிறு எரிகிறதே, அந்தக் கரைக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

அந்தப் பதவி அப்படியே காலியாகக் கிடந்தது. அடுத்த மழையும் நெருங்கிவிட்டது. ராஜா சபையைக் கூட்டி, "புது நாட்டதிகாரி வேண்டும். அவன்மேல் இதுவரை ஒரு புகார்கூட வந்திருக்கக் கூடாது" என்றான்.

வெண்காடர் துள்ளி எழுந்தார். "என் மைத்துனன் செல்வக்கோமான் இருக்கிறானே, மன்னா. அவன்மேல் ஒரு புகாரைக் காட்டுங்கள் பார்க்கலாம்."

எப்படிக் காட்டுவது? புகார் வர ஏதாவது ஒரு வேலையைப் பார்த்திருக்க வேண்டாமா அந்த ஆள்?

அமைச்சர் மாறனாருக்கு உள்ளுக்குள் கொதித்தது. ஆனாலும் குரலை உயர்த்தாமல், "நல்ல பிள்ளைதான். சபையில் வைத்து நாலு கேள்வி கேட்டுவிட்டுப் பதவியைக் கொடுப்போம். அதற்கு நல்ல நாள் நான் குறித்துத் தருகிறேன்" என்றார். ராஜா சரி என்றான். மாறனார் பஞ்சாங்கத்தைத் தொடவில்லை. வானத்தைப் பார்த்துத்தான் நாள் குறித்தார்.

அந்தக் காலையில் மழை பிடித்துக்கொண்டது. சபை மண்டபத்தின் நடுவே திறந்த முற்றம். அதில் விழுகிற மழை ஒரு மூலையிலுள்ள ஜலதாரை வழியாக வெளியே ஓடிவிடும். மாறனார் முன்கூட்டியே வந்து, அந்த ஓட்டையில் ஒரு மணல்மூட்டையைத் திணித்துவைத்திருந்தார். கேள்வி தொடங்கும் முன்பே தண்ணீர் முற்றத்தை நிரப்பி மண்டபத்துக்குள் ஏறியது.

"என்ன இது? யாராவது போய் அடைப்பை எடுங்கள்" என்றான் ராஜா.

காவலர்கள் அசையவில்லை. திருமேனிக்கு நேர்ந்தது அவர்களுக்கும் தெரியுமே.

"உடனே எடுக்கலாம், மன்னா" என்றார் மாறனார். "ஜலதாரையும் நீர்வழிதான். முத்திரை ஓலை வந்ததும் எடுத்துவிடலாம்."

ராஜா வெண்காடரைப் பார்த்தான். வெண்காடர் கையைப் பிசைந்தார். "முத்திரை வீட்டில் பூஜையில் இருக்கிறது. இப்போது ராகுகாலம். கழிந்ததும் எடுத்துவருகிறேன்."

தண்ணீர் ராஜாவின் கணுக்காலுக்கு வந்தது. மாறனார் சாவகாசமாகத் திரும்பி, "செல்வக்கோமான், நீர்தான் நாட்டதிகாரி என்று வைத்துக்கொள்ளும். இப்போது என்ன செய்வீர்?" என்று கேட்டார்.

"பணிவோடு ஓலை கேட்டு எழுதுவேன், ஐயா. பதில் வருகிறவரை காத்திருப்பேன்."

"தண்ணீர்?"

"அதுவும் காத்திருக்கத்தானே வேண்டும்" என்றான் அவன். கொஞ்சமும் கூசாமல் சொன்னான்.

தண்ணீர் முழங்காலைத் தொட்டது. ராஜாவின் பட்டு நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டது. அதற்குமேல் அவனால் பொறுக்க முடியவில்லை. சிம்மாசனத்தைவிட்டு இறங்கி, தண்ணீரை உழக்கிக்கொண்டு போய், தன் கையாலேயே அந்த மூட்டையைப் பிடுங்கி எறிந்தான். தண்ணீர் சுழித்துக்கொண்டு வெளியே ஓடியது.

"காவலரே, அவரைப் பிடியுங்கள். ஓலையில்லாமல் நீர்வழியைத் திறந்திருக்கிறார்" என்றார் மாறனார்.

"உமக்குப் பித்துப் பிடித்துவிட்டதா?" என்றான் ராஜா.

இப்போதுதான் மாறனாரின் குரல் ஏறியது. "பிடிக்காமல் என்ன செய்யும்? தங்கள் பட்டு நனைந்தது, தாங்கள் பொறுக்கவில்லை. அங்கே பிள்ளைகளின் தொட்டில் நனையப் பார்த்தது, அந்த மனுஷன் பொறுக்கவில்லை. தாங்கள் சிம்மாசனத்துக்குத் திரும்பிப் போவீர்கள். அவர் மட்டும் ஏன் சிறையில் கிடக்க வேண்டும்? புகாரே இல்லாத ஆள் வேண்டுமென்றால் இதோ மைத்துனர் நிற்கிறார். ஊர் பிழைக்க வேண்டுமென்றால் புகாருக்கு ஆளான அந்த மனுஷனை விடுங்கள்."

ராஜா கையில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தான். முகம் சிறுத்துப்போயிற்று. "திருமேனியை அழைத்து வாருங்கள்" என்றான்.

திருமேனி வந்தார். தாடி மார்பில் புரண்டது. "தவறு என்னுடையது. மறுபடியும் நீரே நாட்டதிகாரி. பரிவட்டம் கட்டி..." என்று ராஜா தொடங்கினான்.

"மழை எப்போது தொடங்கியது, மன்னா?" என்று குறுக்கே கேட்டார் திருமேனி.

"காலையில்."

"முகத்துவாரத்தை வெட்டியாகிவிட்டதா?"

பதிலுக்கு நிற்காமல் திருமேனி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வாசலில் நின்ற குதிரைகளில் ஒன்றில் ஏறிப் போயே போய்விட்டார்.

ராஜா வெண்காடர் பக்கம் திரும்பினான். "அவருடைய நியமன ஓலையில் முத்திரை போட்டு, நீரே கொண்டுபோய்க் கொடும். மைத்துனனையும் கூட்டிக்கொண்டு போம். பல்லக்கு கிடையாது."

இரண்டு பேரும் சேறும் சகதியுமாக ஆழியூர் போய்ச் சேர்ந்தபோது, இடுப்பளவு தண்ணீரில் ஊரே நின்று மணலை வெட்டிக்கொண்டிருந்தது. நடுவில் திருமேனி. வெண்காடர் கரையில் நின்று, ஓலையை உயர்த்திப் பிடித்து, தொண்டையைச் செருமினார்.

திருமேனி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதை நனையாத இடத்தில் வைத்துவிட்டு இறங்குங்கள். ரெண்டு மண்வெட்டி சும்மா கிடக்கிறது."