காளவாய் ராஜாவும் மறுக்கத் தெரியாத ஊரும்

ராஜா என்றால் எப்படி இருப்பார் என்று மூன்று தலைமுறையாகப் பார்த்தே இராத ஒரு நாடு முன்பு இருந்தது. குறுமணல் நாடு என்று பெயர். அது எந்தத் திசையில் இருக்கிறது என்று தேடாதீர்கள், கதையை மட்டும் கேளுங்கள்.

அந்த நாட்டுக்கும் ஒரு காலத்தில் ராஜா இருந்தார்தான். அவருடைய ஆட்டம் தாங்க முடியாமல் போனபோது ஜனங்கள் திரண்டு போய் மகுடத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டு, "உழைச்சுச் சாப்பிடுங்க சாமி" என்று கைகூப்பி அனுப்பிவைத்தார்கள். அவரும் வேறு வழியில்லாமல் ஆற்றங்கரையில் ஒரு காளவாய் போட்டு, கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு விற்றுப் பிழைத்தார்.

அதற்குப் பிறகு நாட்டை ஆண்டது சபை. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, குலுக்கி எடுத்த முப்பது பேர். இலுப்பை மரத்தடியில் கூடுவார்கள். ஒரு முடிவு எடுத்தால் ஊரைப் பார்த்து மூன்று முறை கேட்பார்கள்: "சம்மதமா? சம்மதமா? சம்மதமா?"

இங்கேதான் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தில் யாராவது எழுந்து "எனக்குச் சம்மதமில்லை" என்று சொல்லிவிட்டால் போதும். அடியில் ஊசித் துளையிட்ட செப்பு வட்டில் ஒன்றைத் தண்ணீரில் மிதக்கவிடுவார்கள். அது நிறைந்து மூழ்கும்வரை அந்த ஆள் பேசலாம். முப்பது பேரும் வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும்.

நல்ல வழக்கம்தான். ஆனால் உயிரை வாங்குகிற வழக்கம். ஒரு கால்வாய் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்கு இருபத்தேழு வட்டில் மூழ்கியது. அதில் ஒரு முழு வட்டில், எதிர்வீட்டுச் சேவல் கூவுகிற நேரம் சரியில்லை என்பதைப் பற்றி. ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். "சட்டுப்புட்டுன்னு ஒருத்தர் முடிவு பண்ணிட்டா எவ்வளவு நல்லா இருக்கும்!" என்றார்கள்.

அந்தக் கொட்டாவியைக் காது கொடுத்துக் கேட்டவன் ஒருவன் இருந்தான். எல்லைக் காவல் படைக்குத் தலைவன், எதிரிலி என்று பெயர். ஒரு நாள் காலை, சபை கூடியிருந்த நேரம் பார்த்து, அறுநூறு வேல்காரர்களோடு வந்து இலுப்பை மரத்தைச் சுற்றி வளைத்தான். முப்பது பேரையும் கட்டி நெற்களஞ்சியத்தில் போட்டுப் பூட்டினான். ஜனங்கள் என்ன செய்தார்கள் என்கிறீர்களா? "பத்து நாள் பொறுத்துப் பார்ப்போமே" என்று வீட்டுக்குப் போனார்கள்.

எதிரிலி கெட்டிக்காரன். தானே ராஜா என்று சொன்னால் நாளைக்கு இன்னொரு படைத்தலைவன் வருவான் என்று அவனுக்குத் தெரியும். பழைய ராஜ வம்சத்தை மீட்டுவிட்டேன் என்று சொன்னால் கதையே வேறு. அதனால் ஆற்றங்கரைக் காளவாய்க்குப் போனான்.

அங்கே அந்தக் கடைசி ராஜாவின் கொள்ளுப்பேரன் ஆதிச்சன் கிளிஞ்சல் சலித்துக்கொண்டிருந்தான். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வாங்க வருகிறவர்கள் "ராசா, ஒரு கொட்டாங்கச்சி சுண்ணாம்பு குடுங்க" என்று கேலி செய்வார்கள், அவனும் சிரித்துக்கொண்டே கொடுப்பான். அந்த வம்சத்தில் மிச்சம் இருந்த ராஜ மரியாதை அவ்வளவுதான்.

"எழுந்திரு. நீதான் ராஜா" என்றான் எதிரிலி.

"எனக்கு வேணாங்கய்யா. காளவாய் எரியுது, விட்டுட்டு வர முடியாது" என்றான் ஆதிச்சன்.

கழுத்தில் வேல்முனை வந்து நின்றது. அவன் மனைவி குஞ்சரி சல்லடையை ஓங்கிக்கொண்டு வந்தாள். நான்கு பேர் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அப்படியாக, அந்த நாட்டில் அரசாட்சி பலவந்தமாக மீட்கப்பட்டபோது முதல் பலவந்தம் அரசன்மேல்தான் நடந்தது.

பழைய அரண்மனையில் முடிசூட்டிய அன்றே, எதிரிலி எழுதிய மூன்று சட்டங்களை முரசறைந்து சொன்னார்கள். அரியணையில் அமர்ந்து அரசன் சொல்லும் சொல்லெல்லாம் சட்டம். சொன்ன சட்டத்தை அரசனே நினைத்தாலும் ரத்து செய்ய முடியாது. அனுமதியில்லாமல் மறுத்துப் பேசுகிறவன் தலை கழுத்தில் இராது. அறுநூறு வேல்காரர்களும் மஞ்சள் தொட்டு இதன்மேல் சத்தியம் செய்தார்கள். முதலில் சத்தியம் செய்தவன் எதிரிலிதான். தான் எழுதித் தருவதைத்தானே இந்தச் சுண்ணாம்புக்காரன் வாசிக்கப்போகிறான் என்ற தைரியம்.

ஆதிச்சனுக்கு அரியணையில் உட்காரவே கூச்சம். அங்கேயே சாப்பாடு வந்தது. ஒரு வாய் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல வாய் தவறி, "புளி வேணாம்பா, நாக்கு கூசுது" என்றான். அரசன் சொல்லை எழுதப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எழுத்தர் குறித்துக்கொண்டார். மறுநாள் காலை முரசு அறைந்தார்கள்: நாட்டில் யாரும் புளி சேர்க்கக் கூடாது.

ஆதிச்சனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதற்காவது ஊர் சண்டைக்கு வரும் என்று காத்திருந்தான். புளி இல்லாமல் ரசம் வைக்கச் சொன்னால் எந்த வீடு சும்மா இருக்கும்? ஊர் சும்மா இருந்தது. பானை பானையாகப் புளியைக் கொண்டுபோய் ஆற்றில் கொட்டினார்கள். "காரணம் இல்லாமலா சொல்லியிருப்பாரு? உடம்புக்கு ஆகாதுன்னு இருக்கும்" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

இரண்டாவது முறை, அரியணையில் உட்கார்ந்தபடி மகுடத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, "அப்பப்பா, இந்த வெயில்ல யாரு வெளிய போவா?" என்று விசிறிக்கொண்டான். மறுநாள் முதல் பகலில் ஒருவரும் தெருவில் இல்லை. வயலில் நாற்று காய்ந்தது. ஜன்னல் வழியாக ஊரைப் பார்த்த ஆதிச்சனுக்கு அழுகையே வந்துவிட்டது.

எதிரிலிக்கு ஒரே குஷி. "பாத்தியா? புளியையே விட்டுட்டானுங்க. இனி எதைச் சொன்னாலும் கேப்பானுங்க" என்று ஒரு ஓலையைக் கையில் திணித்தான். "நாளைக்குக் காலையில இதை வாசி."

ஆதிச்சனுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். சபையார் முப்பது பேர் தலையையும் வெட்ட உத்தரவு என்று இருந்தது. இரவெல்லாம் அவனுக்கு உறக்கமில்லை. ஆனால் காலையில் அரியணையில் உட்கார்ந்தபோது அவன் மனதில் ஒன்று தெளிவாகிவிட்டது. புளி வேண்டாம் என்ற சொல்லுக்கே ஒரு நாடு பணிகிறதென்றால், நல்ல சொல் ஒன்று சொன்னால்தான் என்ன?

மூன்றாவது முறை அவன் வாய் தவறவில்லை. ஓலையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "முப்பது பேரையும் அவிழ்த்து விடுங்க" என்றான்.

"மாட்டேன்! முடியாது!" என்று கத்தினான் எதிரிலி.

அரசன் சொல்லை அனுமதியில்லாமல் மறுத்த முதல் ஆள், அந்தச் சட்டத்தை எழுதியவனேதான். அவனுடைய வேல்காரர்கள் அவன் கழுத்தை நோக்கியே வேலைத் திருப்பினார்கள். மஞ்சள் தொட்டுச் செய்த சத்தியமாயிற்றே!

"ஐயோ, வெட்டாதீங்க!" என்று பதறினான் ஆதிச்சன். "எதிரிலிக்கு மட்டும் விலக்கு. என் காளவாயில போய்க் கிளிஞ்சல் சுடட்டும். அங்க ஆள் இல்லாம கெடக்கு." சட்டத்தை ரத்து செய்யத்தான் முடியாது, ஆளுக்கு விலக்குக் கொடுக்கத் தடையில்லை என்று எழுத்தர் பெயரைக் குறித்துக்கொண்டு விலக்கு எழுதினார். எதிரிலி காளவாய்க்குப் போனான்.

கையோடு கையாக ஆதிச்சன் அடுத்ததையும் சொன்னான். "புளி சேக்கற எல்லாருக்கும் விலக்கு. வெயில்ல போற எல்லாருக்கும் விலக்கு. இனி இந்த நாட்டை முப்பது பேர் சபையே ஆளும்." சொல்லிவிட்டு மகுடத்தைக் கழற்றி வைத்தான். எழுந்தான். வெளியே வந்தான். கதை இங்கே முடிந்திருந்தால் நானும் மங்களம் பாடியிருப்பேன்.

மறுநாள் இலுப்பை மரத்தடியில் சபை கூடியது. ஆதிச்சன் கூட்டத்தோடு கூட்டமாகத் தரையில் உட்கார்ந்தான். சுற்றியிருந்தவர்கள் நாலடி தள்ளி உட்கார்ந்தார்கள். யாரோ அரியணையையும் தூக்கிக்கொண்டு வந்து மரத்தடியில் போட்டிருந்தார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று.

சபைத் தலைவர் கணவதி எழுந்தார். அரண்மனையைப் பள்ளிக்கூடமாக்கலாம் என்று ஒரு முடிவைச் சொல்லி, மூன்று முறை சம்மதம் கேட்டார். எல்லாத் தலைகளும் ஆதிச்சன் பக்கம் திரும்பின.

"என்னை ஏங்க பாக்கறீங்க? உங்க மனசுல பட்டதைச் சொல்லுங்க. யாராச்சும் ஒருத்தர் சம்மதமில்லைன்னுதான் சொல்லுங்களேன்" என்றான் ஆதிச்சன்.

"உத்தரவு மன்னா! சம்மதமில்லை!" என்று ஊரே ஒரே குரலில் சொன்னது.

"எதுக்குச் சம்மதமில்லை?"

"அதையும் நீங்களே சொல்லிட்டா தேவலைங்க."

ஆதிச்சன் தலையில் கை வைத்துக்கொண்டான். கணவதி தொண்டையைச் செருமினார். களஞ்சியத்தில் கிடந்து உயிர் தப்பியவர் அல்லவா, நன்றி பொங்கிக்கொண்டு வந்தது. "மன்னர் கருணையால்தான் இந்தச் சபையே இருக்கிறது. ஆகையால் அவர் அரண்மனையிலேயே இருக்கட்டும். அவர் தலையசைத்த பிறகுதான் எங்கள் முடிவு எதுவும் செல்லும். சம்மதமா? சம்மதமா? சம்மதமா?"

"எனக்குச் சம்மதமில்லை."

கூட்டத்தின் கடைசியில் குஞ்சரி நின்றுகொண்டிருந்தாள். முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள்.

"இவரு என் புருஷன். இவரைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். நீங்க முப்பது பேரு இருக்கீங்க. ஊரு பூரா இருக்கீங்க. உங்களுக்குத் தலையாட்ட இவரு எதுக்கு? உங்க தலையெல்லாம் எங்க போச்சு?"

ஆதிச்சனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒருத்தியாவது இருக்கிறாளே! வட்டிலைக் கொண்டு வாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் இரண்டு வேல்காரர்கள் அவளை நோக்கி நடந்தார்கள். அனுமதியில்லாமல் மறுத்தால் தலை இராது என்ற மூன்றாம் சட்டம் அப்படியேதான் இருந்தது. அதை ரத்து செய்ய அரசனாலும் முடியாது.

"தொடாதே!" என்று ஆதிச்சன் குறுக்கே பாய்ந்தான்.

வேல்காரன் மரியாதையாகக் குனிந்தான். "தரையில நின்னு சொன்னா அது சட்டமில்லீங்க மன்னா. அங்க உக்காந்து சொல்லிட்டீங்கன்னா நாங்க போயிடுவோம்."

ஆதிச்சன் ஊரைப் பார்த்தான். முந்நூறு, நானூறு பேர் இருந்தார்கள். இரண்டு வேல்காரர்களைத் தடுக்க இருபது பேர் எழுந்தால் போதும். ஒருவர் எழுந்தால்கூட இன்னொருவர் எழுந்திருப்பார். எல்லாரும் பரிதாபமாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேல்முனை குஞ்சரியின் கழுத்துக்கு வந்துவிட்டது.

"உக்காராதீங்க!" என்று குஞ்சரி கத்தினாள்.

அவன் போய் அரியணையில் உட்கார்ந்தான். "குஞ்சரிக்கு விலக்கு. அவ எப்ப வேணாலும் மறுக்கலாம்" என்றான்.

வேல்கள் இறங்கின. ஊர் ஆர்ப்பரித்தது. "மன்னர் வந்துட்டாரு! மன்னர் காப்பாத்திட்டாரு!" என்று தரையில் விழுந்து கும்பிட்டார்கள். அவர்கள் கண்ணில் நிஜமான கண்ணீர்.

"எல்லாரும் மறுக்கலாம். எல்லாருக்கும் விலக்கு!" என்றான் ஆதிச்சன், கும்பிடுகிறவர்களுக்கு மேலே குரலை உயர்த்தி.

எழுத்தர் குனிந்து மெல்லச் சொன்னார். "மறுக்கிறேன் என்று நினைக்கக் கூடாது, நினைவூட்டுகிறேன். புளிக்கும் வெயிலுக்கும் மொத்தமாக விலக்கு எழுதிவிட்டேன், அவை சில்லறைச் சட்டங்கள். இது மூலச் சட்டம். மொத்தமாக விலக்கினால் ரத்து செய்தது போலாகிவிடும். ஆள் ஆளாகப் பெயர் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்."

வழக்கப்படி வட்டிலை மிதக்கவிட்டார்கள். குஞ்சரி அது மூழ்கும்வரை பேசினாள். எல்லாரும் பக்தியோடு கேட்டார்கள். பிறகு கணவதி மூன்று முறை சம்மதம் கேட்டார். எல்லாரும் அரியணையைப் பார்த்தார்கள். குஞ்சரி தன் புருஷனின் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, தனியாகக் காளவாய்க்கு நடந்தாள். ராணியாக இருக்க அவளுக்குச் சம்மதமில்லை.

மறுநாள் முதல் ஆதிச்சன் அரியணையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சொல்லத் தொடங்கினான். முதலில் வந்தவர், "மறுக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்லீங்க, பேரு பட்டியல்ல இருந்தா ஒரு கௌரவம்" என்றார். அப்படியே வரிசையாக வந்தார்கள். ஊர்ப் பெயரையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஆதிச்சன் எண்ணியிருந்தான். ஆனால் நாட்டில் தினமும் எங்கேயாவது ஒரு குழந்தை பிறந்துகொண்டே இருந்தது. "இன்னும் கொஞ்சம் பேர்தான் பாக்கி" என்று குஞ்சரிக்கு மாதா மாதம் சொல்லி அனுப்பினான். தலை நரைத்த பிறகும் சொல்லி அனுப்பினான்.

எங்கள் ராஜாவைப் போல நல்லவர் உண்டா, மறுத்துப் பேசக்கூட உத்தரவு கொடுத்திருக்கிறாரே என்று அந்த ஜனங்கள் கடைசிவரை பெருமைப்பட்டுக்கொண்டார்கள். குஞ்சரியைத் தவிர, அந்தப் பட்டியலில் இருந்த அத்தனை பேரில் ஒருவர்கூட ஒரு நாளும் எழுந்து மறுக்கவில்லை.

ஆகவே கேட்டவர்களே, அறிந்துகொள்ளுங்கள்: எதிர்த்து எழுந்து நிற்கும் பழக்கத்தை ஓர் ஊர் இழந்துவிட்டால், நல்லவனே அரியணையில் இருந்தாலும் அது அடிமை ஊர்தான்.