நாசகாரர்களுக்கு ஒரு முத்திரை ஓலை

“எதிரி அனுப்பிய நாசகாரர்கள் நாளை உச்சிவேளைக்குள் தாங்களாகவே நடந்து வருவார்கள். மகாராஜாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். அந்தக் கண்ணீரிலேயே இந்த மண்டபத்தைக் கழுவிவிடலாம்!”

முன்னொரு காலத்தில், சண்டை மும்முரமாய் நடந்துகொண்டிருந்த ஒரு ராஜ்ஜியத்தில், நிறைந்த சபையில் விகடன் திருமேனி இப்படிப் பேசினான். சபையார் சிரித்த சிரிப்பில் நாலு தூண் ஆடியது. கூரையிலிருந்த புறாக்கள் பக்கத்து தேசத்துக்கே குடிபோய்விட்டன. திருமேனியின் கண் மட்டும் வாசலில் கட்டியிருந்த யானை மேல் இருந்தது.

காரணம் இருந்தது. ஆற்றுப் பாலத்தை உடைக்கவும் படைக் களஞ்சியத்தைக் கொளுத்தவும் எதிரி ரகசியமாய் ஆள் அனுப்பியிருப்பதாகச் சேதி வந்ததும், தளவாய் ரணசூரர் சந்தையில் கைக்கு அகப்பட்ட பதினோரு பேரைப் பிடித்துக் கட்டிவிட்டார். உப்பு விற்றவன், கிளி ஜோசியன், திருமேனியின் தங்கை புருஷன் வளையல்கார முத்திருளன்... நாளை உச்சிக்கு எல்லாரையும் யானையின் காலால் இடறப்போகிறார்கள்.

“நீ சொன்னபடி வந்தால் பதினோரு பேரையும் விடுகிறோம். வராவிட்டால் பன்னிரண்டாவது ஆள் நீ,” என்றார் மகாராஜா. அவருக்கு அதுவும் ஒரு வேடிக்கை.

“இவன் வீட்டு நாயே இவன் கூப்பிட்டால் வராது. எதிரி வருவானாம்!” என்றார் தளவாய்.

திருமேனிக்கு ஒரு சங்கதி தெரியும். நாசவேலைக்குப் போனவன் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. பாலத்தின் ஓர் ஆணியோ, கருகின ஒரு பிடி நெல்லோ அத்தாட்சியாகக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பெண்டாட்டி பிள்ளைகளுக்குச் சிறை. நம் ராஜாவின் வழக்கம் அதுதான். எதிரி ராஜா மட்டும் என்ன, வேறு மண்ணால் செய்தவரா? அப்படியிருந்தும் வந்தவர்கள் அரை மாதமாக ஒன்றையும் கொளுத்தவில்லையே, ஏன்?

தண்டோரா போடச் சொன்னான்.

“நாசம் செய்ய வந்து, செய்ய ஒன்றுமில்லாமல் தவிப்பவர்களுக்கு தங்கள் ராஜாவிடம் அத்தாட்சியாகக் காட்ட அரண்மனையில் முத்திரை ஓலை தரப்படும்! உயிருக்கு மகாராஜா அபயம்!”

மறுநாள் பாகன் யானையின் சங்கிலியை அவிழ்க்கும் நேரத்தில், மூன்று பேர் ஓடிவந்து மகாராஜாவின் காலில் தடாலென்று விழுந்தார்கள்.

“சாமி, பாலத்து ஆணியைப் பிடுங்கப் போனோம். ஆணியே இல்லை, கயிற்றால் கட்டி நிற்கிறது. களஞ்சியத்தைக் கொளுத்தப் பூட்டை நெம்பித் திறந்தோம். மேலே ஒரு சாண் நெல், அடியில் மொத்தமும் மணல். மணல் எப்படிச் சாமி எரியும்? எந்த முகத்தோடு ஊருக்குப் போவோம்? ஓலை கொடுங்கள்!”

மகாராஜா விழுந்து விழுந்து சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி விகடனிடம் வீசினார். திருமேனி அதைக் குனிந்து எடுக்கவில்லை. அவன் கண் யானை மேலேயே இருந்தது.

“கூத்தாடிகள், மகாராஜா! இவன் கூட்டி வந்த கூத்தாடிகள்!” என்று கத்தினார் தளவாய்.

“இருக்கட்டும், தளவாய் ஐயா. அப்படியானால் மணலைக் கொட்டியது யார்? சாவி தங்கள் இடுப்பில் அல்லவா தொங்குகிறது?”

ஆள் போனது. இரண்டு கை நிறைய மணலோடு திரும்பியது. எல்லையில் பசியால் சுருண்டு விழுந்த வீரர்களையெல்லாம் வெயில் தாக்கி விழுந்தவர்கள் என்று தளவாய் எழுதி அனுப்பியது அப்போது பலருக்கு ஞாபகம் வந்தது.

தளவாய் காலடியில் கிடந்த மூவரையும் கைகாட்டினார். “இவர்கள்தான்... இந்த எதிரிகள்தான் நெல்லை எடுத்துவிட்டு மணலைக் கொட்டியிருக்க வேண்டும்!”

“ஆகா, எதிரிகளேதானா! மகாராஜா, எதிரி கையால் களஞ்சியம் நாசமானால் காவல் தளவாய்க்குச் சட்டம் என்ன சொல்கிறது?”

“கழுமரம்.”

“தளவாயே நெல்லைத் திருடியிருந்தால்?”

மகாராஜா சிரிப்பை நிறுத்தாமலே சொன்னார்: “மூன்று மாதம் சபைக்கு வரக்கூடாது.”

பதினோரு பேரும் கட்டோடு நின்று இதைக் கேட்டார்கள். முத்திருளன் சிரிக்கவில்லை.

தளவாய் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

“எதிரிகள்தான், மகாராஜா. தாங்களாகவே நடந்து வந்தார்கள். விகடன் சொன்னபடியே அழுதார்கள். நாசம் செய்ய அவர்களுக்கு நான் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.”